வகுப்புக்கு ஜெராக்ஸ், குரூப்புக்கு பிடிஎஃப்: பாடப்பொருள் உரிமம் பற்றி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழு வழிகாட்டி

ஜூன் மாதத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கதைப்புத்தகத்தில் இரண்டே பக்கத்தை 32 பிரதி எடுக்க வந்த டீச்சர், “இதெல்லாம் எடுக்கலாமாண்ணா?” என்று கடைக்காரரிடமே கேட்பார். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் அப்பா ஒருவர் புதுக் கைடு முழுவதையும் செல்போனில் ஸ்கேன் செய்து, வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டு, நாலு கும்பிடு வாங்கிக்கொண்டிருப்பார். தயங்க வேண்டியவர் தயங்குவதில்லை; தயங்கத் தேவையில்லாதவர் தயங்குகிறார். இந்திய பதிப்புரிமைச் சட்டம், 1957 அந்த டீச்சர் பக்கம் நிற்கிறது. அந்த அப்பா பக்கம் நிற்கவில்லை.

ஏன் அப்படி, எது எதை எந்த அளவுக்குச் செய்யலாம், எங்கே சறுக்கும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

எதையும் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

கையில் இருப்பது யாருடையது? அதற்கு என்ன உரிமம் போட்டிருக்கிறது? அதை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? இந்த மூன்றில் கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். படிப்பது, நகலெடுப்பது, மாற்றி எழுதுவது அல்லது மொழிபெயர்ப்பது, இணையத்தில் ஏற்றுவது, விற்பது என ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. முதலாவதற்கு அனுமதி இருப்பதால் நான்காவதற்கும் இருக்கிறது என்று ஆகாது.

“கூகுளில் கிடைத்தது”, “இலவசமாக இறக்கினேன்” என்பவை உரிமம் ஆகாது. இலவசம் என்பது விலையைப் பற்றிய சொல். படத்தின் ஓரத்தில் © குறி இல்லை என்பதாலும் அது பொதுச் சொத்து ஆகிவிடாது. எழுதிய, வரைந்த நொடியிலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது; பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை.

அனுமதி கேட்காமலே சட்டம் கொடுத்திருப்பவை

எல்லாம் 52-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆசிரியர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது 52(1)(i). கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதும், தேர்வு வினாவின் பகுதியாகவோ விடையிலோ அதைச் சேர்ப்பதும் மீறல் ஆகாது. இத்தனை பக்கம், இத்தனை சதவீதம் என்ற கணக்கு அந்தப் பிரிவில் கிடையாது.

இதை நீதிமன்றம் சோதித்தும் பார்த்துவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்ற கடை, பாடத்திட்டத்துக்குத் தேவையான அத்தியாயங்களைத் தொகுப்பாக நகலெடுத்துக் கொடுத்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதியும் டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வும் தந்த தீர்ப்புகளின் சாரம் இது: கற்பித்தலின் நோக்கத்துக்கு நியாயமாக எவ்வளவு தேவையோ அவ்வளவு நகலெடுக்கலாம்; ‘கற்பித்தல்’ என்பது வகுப்பறையில் பாடம் நடக்கும் அந்த முக்கால் மணி நேரம் மட்டுமல்ல; நகலை ஆசிரியரே எடுக்காமல் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் தவறில்லை. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. கடலூரும் புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருபவை; டெல்லித் தீர்ப்பு இங்கே கட்டாயமாகப் பொருந்தாது. ஆனாலும் இந்தப் பிரிவைப் பற்றி விரிவாகப் பேசிய தீர்ப்பு என்பதால் அதற்கு எடை உண்டு.

‘நியாயமான தேவை’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு கட்டுரை, ஒரு அத்தியாயம், அறிவியல் நூலில் நாலு வரைபடம் என்றால் சிக்கல் இல்லை. 80 பக்க பயிற்சி ஏட்டை ஒன்று வாங்கி, 40 பிள்ளைகளுக்கும் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுப்பது வேறு. பிள்ளைக்கு ஒன்று என்று வாங்கி, அதில் எழுதித் தீர்ப்பதற்காகவே அச்சிட்ட பொருள் அது. முழுதாக நகலெடுத்தால் அந்த விற்பனையின் இடத்தையே நகல் பிடித்துக்கொள்கிறது. நோக்கம் கற்பித்தல்தான் என்று சொல்லித் தப்பிப்பது கடினம்.

இன்னொரு நுணுக்கம்: 52(1)(i) பேசுவது நகலெடுப்பதைப் பற்றி. பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வது அதில் வராது. அந்த இரண்டு பக்கக் கதையை 32 தாளாகக் கொடுக்கலாம். வகுப்புக்கு மட்டுமான மூடிய குரூப்பில் பாடத்தோடு அனுப்புவதையும் நியாயப்படுத்தலாம். பள்ளியின் இணையப் பக்கத்திலோ, யார் வேண்டுமானாலும் திறக்கும் கூகுள் டிரைவ் இணைப்பிலோ போட்டால் பிரிவின் நிழல் அங்கே விழாது. இணைப்பை உருவாக்கும்போது ‘லிங்க் வைத்திருக்கும் யாரும்’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் மாணவர்களின் மின்னஞ்சல்களை மட்டும் சேருங்கள். கல்வியாண்டு முடிந்ததும் இணைப்பை மூடிவிடுங்கள்.

பெற்றோருக்கு உரியது 52(1)(a): சொந்தப் பயனுக்கு, ஆராய்ச்சிக்கு நியாயமான அளவில் நகலெடுக்கலாம். நூலகப் புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தை உங்கள் மகளுக்காக ஜெராக்ஸ் எடுப்பது இதில் வரும். அதே அத்தியாயத்தை 46 பேர் உள்ள குரூப்பில் தள்ளினால் அது சொந்தப் பயன் அல்ல. அந்த 46 பேரும் நம் ஆட்கள்தானே என்பது உறவுக் கணக்கு. சட்டத்துக்கு அது தெரியாது.

ட்யூஷன் சென்டர்கள் ஒரு படி கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கற்பிப்பவர் என்ற வகையில் அவர்களும் இந்தப் பிரிவைச் சுட்டலாம். ஆனால் பிறர் நூலிலிருந்து தொகுத்து, அட்டை போட்டு, ‘மெட்டீரியல் ஃபீஸ்’ என்று தனியே வசூலித்தால் அது புத்தக வியாபாரமாகவே பார்க்கப்படும்.

பள்ளியே ஒரு துணைப்பாட நூல் அச்சிட விரும்பினால் 52(1)(h)-ஐப் பாருங்கள். பெரும்பாலும் பதிப்புரிமை இல்லாத பொருளால் ஆன தொகுப்பில், மற்ற நூல்களிலிருந்து சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். ஒரே எழுத்தாளரின் இரண்டு பகுதிகளுக்கு மேல், ஒரே பதிப்பாளர், ஐந்து ஆண்டுக்குள் வெளியிடக் கூடாது. எடுக்கப்படும் மூல நூலும் பாடநூலாக வெளியானதாக இருக்கக் கூடாது.

பலருக்கும் தெரியாத இன்னொரு கதவு, 2012 திருத்தத்தில் வந்த 52(1)(zb). பார்வைக் குறைபாடோ, அச்சைப் படிக்க முடியாத வேறு குறைபாடோ உள்ள பிள்ளைக்காக ஒரு நூலை முழுதாகவே பிரெயிலாகவோ ஒலியாகவோ பெரிய எழுத்தாகவோ மாற்றலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். லாபம் பார்க்கக் கூடாது, அந்தப் பிரதி மற்றவர்களின் வழக்கமான புழக்கத்துக்குப் போய்விடக் கூடாது என்பதே நிபந்தனை. கோப்பின் பெயரிலேயே ‘மாற்றுத்திறன் வடிவம்’ என்று எழுதி வையுங்கள். பிறகு அது வழிதவறிப் பொதுக் குரூப்புக்குப் போகாது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு புத்தகம், அந்தப் பக்கம் ஒன்று

கடலூர்ப் பிள்ளைக்குத் தமிழ்நாடு அரசின் பாடநூல். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24-ல் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டதால் அங்கே என்சிஇஆர்டி நூல். புதுச்சேரிப் பாகூரில் குடியிருந்து கடலூரில் ட்யூஷன் எடுப்பவரின் பையில் இரண்டும் இருக்கும். இரண்டுமே இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடியவை. இரண்டுக்குமே பதிப்புரிமை உண்டு. இறக்கிப் படிப்பது, ஒரு பாடத்தை அச்செடுத்து வகுப்பில் கொடுப்பது சரி. பாடத்தையும் படங்களையும் அப்படியே எடுத்துக் கைடு போட்டு விற்பது, செயலியில் வைத்துச் சந்தா வாங்குவது ஆகியவற்றுக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அனுமதியின்றித் தன் நூல்களை வெளியிடுவோர் மீது நடவடிக்கை எடுப்பதாக என்சிஇஆர்டி 2024-ல் பொது எச்சரிக்கையே விட்டிருக்கிறது.

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடு வழியாகத் திறக்கும் தீக்‌ஷா என்ற மத்திய அரசின் கல்வித் தளத்துப் பொருள்களை அந்த நூலோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள். அங்கே ஒவ்வொரு காணொளிக்கும் பயிற்சிக்கும் தனி உரிமம். பொருளைத் திறந்து, விவரப் பகுதியில் உரிமத் தகவல் என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

அரசு வெளியீடுகளுக்கு ஆயுள், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960-ல் வந்த பழைய பாடநூல் 2021 சனவரி 1 முதல் பொதுவில் இருக்கிறது. சட்டங்கள் நீங்கலாக அரசிதழில் வெளியானவை, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றை மறுபதிப்பிடவும் 52(1)(q) வழி விடுகிறது.

மறைந்த ஆண்டோடு 60

தனி எழுத்தாளர் என்றால் அவர் மறைந்த ஆண்டை எடுத்து 60-ஐக் கூட்டுங்கள். அந்த ஆண்டின் டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. நம் பகுதியிலேயே எல்லா வகை உதாரணமும் கிடைக்கிறது.

வடலூர் வள்ளலார் 1874. கணக்கே தேவையில்லை. திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் 1948-ல் மறைந்தார். 2008-உடன் முடிந்தது, அதற்கு முன்பே அவர் எழுத்துகள் நாட்டுடைமையும் (அரசு தொகை கொடுத்து எல்லோருக்கும் பொதுவாக்குவது) ஆகிவிட்டன. புதுச்சேரிப் பாரதிதாசன் 1964. ஆண்டுக்கணக்குப்படி 2025 சனவரி 1 முதல் பொது, தமிழ்நாடு அரசு அவர் படைப்புகளை எப்போதோ நாட்டுடைமை ஆக்கிவிட்டது. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 2015-ல் மறைந்தார். 2075 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஆசிரமத்து நூல்களிலும் இப்படி ஒரு பிளவு உண்டு. ஸ்ரீ அரவிந்தர் 1950-ல் மறைந்ததால் அவர் வாழ்நாளில் வெளியானவை 2011-லிருந்து பொது. ஸ்ரீ அன்னை 1973-ல் மறைந்தார். அவர் எழுத்துக்கு 2033 வரை காவல்.

இந்தக் கணக்கில் மூன்று இடத்தில் வழுக்கும். எழுத்தாளர் மறைந்த பிறகு முதன்முதலாக அச்சானவற்றுக்கு 60 ஆண்டு வெளியான ஆண்டிலிருந்து ஓடும். கடிதத் தொகுப்புகளில் இது அடிக்கடி வரும். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்த்தவரின் ஆயுள் தனி: அரவிந்தரின் ஆங்கில வரி பொது, அதன் சென்ற வருடத் தமிழாக்கம் பொது அல்ல. உரைக்கும் அதே கதைதான். திருக்குறளுக்கும் பரிமேலழகர் உரைக்கும் உரிமையாளர் யாரும் இல்லை. இன்று ஒருவர் எழுதிய எளிய உரையை நாற்பது பிரதி அச்சடித்துவிட்டு “குறள்தானே” என்று சொல்ல முடியாது.

நாட்டுடைமை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தமிழ் விக்கிமூலத்திலும் தேடலாம். பழந்தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம் 1998-லிருந்து இருக்கிறது. ஒரு பதிப்பகத்தின் புதுப் பதிப்பிலிருந்து ஸ்கேன் செய்வதைவிட இங்கிருந்து எடுப்பது நல்லது. பதிப்பாசிரியரின் முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டைப்படம் எதுவும் உங்கள் தாளில் தவறி ஒட்டிக்கொள்ளாது.

சிசி உரிமத்தில் நான்கு எழுத்துகள்

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது “இந்த இந்த நிபந்தனைக்குள் நீங்கள் என்னைக் கேட்கவே வேண்டாம்” என்று படைப்பாளி முன்கூட்டியே எழுதித் தரும் சீட்டு. பிஒய் என்றால் பெயரைச் சொல்லு. எஸ்ஏ என்றால் மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிடு. என்சி என்றால் வணிகம் கூடாது. என்டி என்றால் மாற்றியதைப் பகிராதே. இவற்றைக் கலந்து ஆறு உரிமம். சிசி ஜீரோ என்று இருந்தால் நிபந்தனையே இல்லை.

என்சி பற்றித்தான் கேள்விகள் அதிகம். பயன்படுத்துபவர் யார் என்பது அங்கே அளவுகோல் அல்ல. பயன்பாடு எது என்பதுதான். தனியார் பள்ளி கட்டணம் வாங்குவதாலேயே அதன் வகுப்பறைப் பயன்பாடு வணிகம் ஆகிவிடாது. அரசுப் பள்ளி அதே தாளைக் கண்காட்சியில் 20 ரூபாய்க்கு விற்றால் சிக்கல். ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்துக்குக் காசு வாங்குகிறாரே என்றால், 2018-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இதே கேள்விக்கு விடை சொன்னது: பள்ளி சொல்லி அச்சடிக்கும் கடை பள்ளியின் கைதான்; அதனால் உரிமம் முறிவதில்லை. அதே கடைக்காரர் தானாகவே நூறு செட் அடித்து மேசையில் அடுக்கி விற்றால் கதை வேறு.

என்டி உள்ள கதையைத் தமிழில் மொழிபெயர்த்து உங்கள் வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லுங்கள், குறிப்பேட்டில் எழுதியும் வையுங்கள். அந்த மொழிபெயர்ப்பைப் பகிரக் கூடாது. எஸ்ஏ-வில் ஒரு பொறி: பிஒய்-எஸ்ஏ பொருளையும் பிஒய்-என்சி-எஸ்ஏ பொருளையும் பிசைந்து ஒரே புதிய பாடமாக்க முடியாது. முன்னது என்சி-யைச் சேர்க்க விடாது, பின்னது நீக்க விடாது. விக்கிப்பீடியா கட்டுரையையும் கான் அகாடமி உரையையும் கலந்து குறிப்பு எழுதும்போது இது நடக்கிறது. கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனிப் பெட்டியாக வைத்தால் போதும்.

ஒரு தாளை எடுத்துச் செய்து பார்ப்போம்

ஐந்தாம் வகுப்புக்கு ‘நம்ம ஊர்க் கடற்கரை’ என்று ஏ4 தாளில் இரு பக்கப் பயிற்சித்தாள். ஐந்து பொருள் வேண்டும்: பாட்டு ஒன்று, படம் ஒன்று, சிறுகதை ஒன்று, வரைபடம் ஒன்று, எழுத்துரு ஒன்று.

பாட்டுக்குப் பாரதிதாசன். விக்கிமூலத்திலிருந்து நாலு வரி. சட்டப்படி உரிமை முடிந்துவிட்டாலும் பெயர் போடுங்கள். பிள்ளைக்கு யார் எழுதியது என்று தெரிய வேண்டாமா?

படத்துக்கு விக்கிமீடியா காமன்ஸ். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை, புதுச்சேரிப் பழைய கலங்கரை விளக்கம் என்று தேடிப் பாருங்கள். படத்தைச் சொடுக்கி அதன் விவரப் பக்கத்துக்கே போங்கள். தேடல் முடிவில் தெரியும் சிறு படத்தை நகலெடுக்காதீர்கள், ஏனென்றால் எடுத்தவர் பெயரும் உரிமப் பதிப்பு எண்ணும் விவரப் பக்கத்தில்தான் இருக்கும். உரிமம் பிஒய்-எஸ்ஏ 4.0 என்று வைத்துக்கொள்வோம். படத்தை அப்படியே வைத்துப் பக்கத்தில் கேள்வி எழுதினால் உங்கள் கேள்விகள் உங்களுடையவையே. படத்தை வெட்டி, மேலே அம்புக்குறி போட்டு ‘விளக்கு’, ‘கோபுரம்’ என்று எழுதினால் அந்தப் படம் மாறிவிட்டது. மாற்றிய படத்துக்கும் அதே பிஒய்-எஸ்ஏ-தான், மாற்றினேன் என்றும் குறிப்பிட வேண்டும். இதற்கு ஒரு சுருக்கு வழி: மாலையில் கடற்கரைக்குப் போய் நீங்களே ஒரு படம் எடுத்துவிடுங்கள். பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிலையையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிட 52-ஆம் பிரிவே அனுமதிக்கிறது. காந்தி சிலை, ஆயி மண்டபம் எல்லாம் இதில் அடங்கும்.

கதைக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். பெரும்பாலானவை பிஒய் 4.0, தமிழிலும் நிறைய உண்டு, படிநிலை பிரித்திருக்கிறார்கள். பிடிஎஃப்-பின் கடைசிப் பக்கங்களில் எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரெல்லாம் தயாராக இருக்கும். தாள் மிச்சம் பிடிக்க அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். அந்தக் கதைக்கு நீங்கள் கொடுக்கும் ஒரே விலை அந்தப் பக்கம்தான்.

வரைபடத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப், ‘© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று ஓரத்தில் வர வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது மீரா இனிமை. இரண்டும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை, அச்சுக்கும் பிடிஎஃப்-புக்கும் தடையில்லை. டிடிபி சென்டரில் கொடுக்கும்போது எந்த எழுத்துரு என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். யாரோ காப்பியடித்து ஏற்றிய விலை எழுத்துருவில் உங்கள் தாள் உருவாகாமல் இருக்கும்.

இப்போது நன்றி வரி. தலைப்பு, எடுத்தவர், எங்கிருந்து, எந்த உரிமம் என்ற நான்கும் வேண்டும். ஐந்தாவதாக, மாற்றியிருந்தால் என்ன மாற்றம். படத்துக்கு நேர் கீழே 8 புள்ளி எழுத்தில் இப்படி:

படம்: ‘பழைய கலங்கரை விளக்கம்’, எடுத்தவர் (விவரப் பக்கத்தில் உள்ள பெயர் அப்படியே), விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. வெட்டி, குறியிடப்பட்டது.

‘நன்றி: கூகுள்’, ‘நன்றி: இணையம்’ என்பவை நன்றியும் அல்ல, உரிமமும் அல்ல. ஜெராக்ஸில் 8 புள்ளி மங்கினால் 9 ஆக்குங்கள். கருப்பு வெள்ளை நகலில் நீல நிற இணைப்புகள் காணாமல் போகும்; அதனால் நன்றி வரியைக் கருப்பிலேயே போடுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய பிடிஎஃப்

பயிற்சித்தாள் விற்கும் தளங்களில் நாம் வாங்குவது தாளை அல்ல, பயன்படுத்தும் உரிமையை. ‘ஒரு ஆசிரியர்’ உரிமம் என்றால் வாங்கியவர் தன் மாணவர்களுக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் அச்செடுக்கலாம் என்பது பொதுவான வழக்கம். அடுத்த பிரிவு டீச்சருக்குக் கொடுக்கக் கூடாது. அவருக்குக் கூடுதல் உரிமம் வாங்க வேண்டும், பல இடங்களில் அது குறைந்த விலையில் கிடைக்கும். ‘குடும்ப’ உரிமம் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு. சித்தி பிள்ளைகள் வேறு வீட்டில் இருந்தால் வேறு குடும்பம்தான், நம் ஊர் வழக்கம் எப்படி இருந்தாலும். வீட்டில் கற்பிக்கும் நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பங்குபோட விரும்பினால், குழு உரிமம் உண்டா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள்.

இங்கே நடப்பது ஒப்பந்தம். ‘வாங்கு’ பொத்தானை அழுத்தும்போது ஒத்துக்கொண்ட வரிகளே பேசும். வாங்கிய அன்றே உரிமப் பக்கத்தையும் ரசீதையும் பிடிஎஃப் ஆக்கி, பொருள் இருக்கும் அதே போல்டரில் போடுங்கள். விற்பவர் பின்னால் விதியை மாற்றினாலும் நீங்கள் எந்த விதியில் வாங்கினீர்கள் என்பதற்குச் சாட்சி அது. யார் பணம் கொடுத்தது என்பதும் முக்கியம்: பள்ளிப் பணத்தில், பள்ளிப் பெயரில் வாங்கியது டீச்சர் மாற்றலாகிப் போகும்போது கூடவே போகாது.

கேட்டு வாங்குவது

மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டியதுதான். எழுதிக் கேளுங்கள், தொலைபேசியில் “எடுத்துக்கோங்க” என்று சொன்னது உரிமம் ஆகாது, சட்டம் எழுத்தை எதிர்பார்க்கிறது. கடிதத்தில் நூலின் பெயர், பதிப்பு, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம், எந்த வகுப்பு, எத்தனை பிரதி, அச்சா இணையமா, இலவசமா கட்டணமா, எந்தத் தேதி வரை, எப்படி நன்றி போடுவீர்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். காலம் எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதாமல் விட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பதில் வராவிட்டால்? வராத பதில் சம்மதம் இல்லை. பொருளை மாற்றுங்கள்.

ஆண்டு விழா

மாணவர்களும் ஆசிரியர்களும் மேடையில் பாடி நடிப்பதும், பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் பள்ளியோடு தொடர்புடையவர்களும் மட்டும் உள்ள அவையில் சினிமாப் பாட்டு ஒலிக்கவிடுவதும் 52(1)(j)-இல் அடங்கும். டிக்கெட் போட்டு ஊரை அழைத்தால் அடங்காது. காணொளியை யூடியூபில் ஏற்றினாலும் அடங்காது. பெரும்பாலும் முதலில் வருவது கன்டென்ட் ஐடி (யூடியூப் தானாகவே பாட்டை அடையாளம் காணும் முறை) உரிமைக்கோரல். அது ‘ஸ்ட்ரைக்’ எனப்படும் விதிமீறல் எச்சரிக்கை அல்ல, சேனலுக்கு ஆபத்தில்லை, அந்த இடத்தை மௌனமாக்கலாம் அல்லது பாட்டை மாற்றலாம். ‘ஸ்ட்ரைக்’ வந்தால் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள்: 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனல் போய்விடும், கூடவே பள்ளியின் மற்ற எல்லாக் காணொளிகளும். சொந்த ஓடிடி கணக்கில் வகுப்புக்குப் படம் காட்டுவதைச் சட்டம் தடுக்காவிட்டாலும் அந்த நிறுவனத்தின் பயன்பாட்டு விதி தடுக்கலாம்.

நீங்களே செய்தது யாருடையது?

பணியின் பகுதியாக ஆசிரியர் தயாரித்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 17-ஆம் பிரிவுப்படி வேலை கொடுத்தவருடையது. ஆகவே உங்கள் பாடத்திட்டத் தாளுக்குச் சிசி உரிமம் போட்டு வெளியிடுமுன் எச்.எம்.-மிடமோ நிர்வாகத்திடமோ ஒரு வரி எழுதி வாங்குங்கள். சிசி உரிமத்தை ஒருமுறை போட்டால் திரும்பப் பெற முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எழுதிய சிறுகதை உங்களுடையதே. மாணவி வரைந்த ஓவியம் மாணவியுடையது. பள்ளி மலரில் போட அவள் வீட்டாரிடம் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், பெயரும் புகைப்படமும் சேர்ந்தால் இன்னும் கட்டாயம்.

பதிவேடும், புகார் வந்தால் செய்வதும்

ஒரு 100 பக்க நோட்டு போதும். தேதி, பொருளின் பெயர், யாருடையது, இணைப்பு, உரிமம், எங்கே பயன்படுத்தினோம் என ஆறு கட்டம். இணையப் படம் என்றால் எடுத்த அன்றைய உரிமப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து. ஆறு மாதம் கழித்து எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தேட உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், இந்த ஒரு நிமிட வேலையின் அருமை.

வணிக நோக்கில் செய்த மீறலுக்கு 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் அபராதமும் இருக்கின்றன. காசுக்காகச் செய்யாத மீறலில் நீதிமன்றம் இந்தக் குறைந்தபட்ச அளவைத் தளர்த்தலாம். பள்ளிக்கும் வீட்டுக்கும் வருவது பெரும்பாலும் நோட்டீஸ்தான். வந்தால் முதலில் பொருளை இணையத்திலிருந்து இறக்குங்கள், வாதம் பிறகு. பதிவேட்டைப் பாருங்கள். சிசி பொருளில் நன்றி வரி விட்டுப்போனதால் வந்த புகார் என்றால், பதிப்பு 4.0-வில் ஒரு சலுகை இருக்கிறது: தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாகவே திரும்பக் கிடைக்கும். வரியைச் சேர்த்து, திருத்திய தாளைப் புகார் செய்தவருக்கே அனுப்பிவிட்டு, அனுப்பிய தேதியை அந்த நோட்டின் ஆறாவது கட்டத்தில் எழுதி வையுங்கள். 52-ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது என்று நினைத்தால் எந்த உட்பிரிவு, எந்த வகுப்பு, எத்தனை பிரதி, எத்தனை பக்கம் என்று நாலு வரியில் பதில் எழுதுங்கள். பணம் கேட்டு வந்த நோட்டீஸுக்கு மட்டும், வழக்கறிஞர் ஒருவர் பார்க்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.